நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே ஒரு முதுகு

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் படிவங்கள் ஆய்வு மாணவரின் உடலைப் பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மாற்றுத்திறனாளியா? ஆம் எனில், எத்தனை விழுக்காடு? ஆண்டுக்கணக்கில் பிரட்னிசொலோன் உட்கொண்டு, அதன் விளைவாக முள்ளெலும்புகள் இரண்டு நெரிந்துபோன முப்பது வயது ஆய்வாளர் ஒருவர் ‘இல்லை’ என்று குறித்தால் அது பொய். ‘ஆம்’ என்று குறித்தால், அதற்குரிய சான்றிதழ் அவரிடம் இருக்காது. விண்ணப்பித்தாலும் எளிதில் கிடைக்காது. ஏனெனில் அவர் நடப்பார். படியேறுவார். சில நாள்களில் நூலகத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் செய்வார். வேறு சில நாள்களில் படுக்கையிலிருந்து எழுந்து குளியலறை வரை செல்வதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வேறுபாட்டை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஹைதராபாத் பஞ்சாகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், ஊர்வழக்கில் நிம்ஸில், வாத நோயியலுக்கெனத் தனித் துறை உண்டு. அத்தகைய துறையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப் பொழுது காத்திருக்கும் மொழியியல் மாணவருக்குக் களப்பணிக்கு வேறிடம் தேட வேண்டியதில்லை. ‘நொப்பி’ என்பது பொதுச்சொல். அதற்குள் குத்துவது ‘போட்டு’, விண்விண் என்று தெறிப்பது ‘சலுபு’, எரிவது ‘மண்ட்ட’, மரத்துப்போவது ‘திம்மிரி’. இவற்றுள் சில தமிழுக்கு அந்நியமானவை அல்ல. நொப்பி, ‘நோ’ என்னும் தமிழ் வினையின் உறவு. திம்மிரியின் தமிழ் இணையான ‘திமிர்’ ஒருகாலத்தில் உறுப்பு மரத்துப்போவதையும் குறித்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஆணவமே நினைவுக்கு வருகிறது. முதுகெலும்புக்குத் தெலுங்கில் ‘வென்னு’. பழந்தமிழில் முதுகைக் குறித்த ‘வெந்’, ‘வெரிந்’ என்னும் சொற்கள் வழக்கிழந்துவிட்டன. தெலுங்கரும் ‘பென்னு’ என்னும் கன்னடரும் அவற்றின் உறவுச் சொற்களை இன்றும் நாள்தோறும் புழங்குகின்றனர்.

சொற்களைவிட முக்கியமானது தொடரமைப்பு. ‘அவளுக்கு முதுகு வலிக்கிறது’ என்பது தமிழ். தெலுங்கிலும் வலியை உணர்பவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்பார். வலி அவர் செய்யும் செயலன்று, அவருக்கு நேர்வது என்பதை இவ்விரு மொழிகளும் இலக்கணத்திலேயே வைத்திருக்கின்றன. மேலும் ‘வலிக்கிறது’ என்பது காலம் காட்டும் வினை. நேற்று வலித்தது, இன்று வலிக்கிறது, நாளை வலிக்காமலும் போகலாம். சான்றிதழின் மொழி இதற்கு நேர்மாறானது. ‘இன்னார் 40 விழுக்காடு மாற்றுத்திறனாளி’ என்னும் தொடரில் ஆள் எழுவாய், பயனிலையோ பெயர். தமிழில் பெயர்ப்பயனிலை காலம் காட்டுவதில்லை. நோயாளி வினையாகச் சொன்னதை அலுவலகம் பெயராக எழுதிக்கொள்கிறது. நீண்டகால ஸ்டெராய்டு சிகிச்சையில் இருப்பவர்களின் சிக்கலில் பாதி இந்த மொழிபெயர்ப்பில் தொடங்குகிறது.

மருந்தின் கதை வியப்பில் தொடங்கியது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள்காமாலை வந்தாலோ பெண்கள் கருவுற்றாலோ மூட்டுவலி தற்காலிகமாக விலகுவதைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று வலியை அடக்குகிறது என்பது அவர் ஊகம். அதே நிறுவனத்தின் வேதியியலாளர் எட்வர்டு கெண்டல் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்த பொருள்களில் ஒன்று, 1948 செப்டம்பரில், எழுந்து நடக்கவே இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்குப் போய்ப் பொருள் வாங்கி வந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். எருதின் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகளைக் கடந்து மில்லிகிராம் கணக்கில் அதைத் தயாரிக்க வேண்டியிருந்த காலம் அது. ஹென்ச், கெண்டல், ஸ்விட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபெல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே இத்துணைக் குறுகிய இடைவெளி மருத்துவ வரலாற்றில் அரிது. பக்கவிளைவுகள் வெளிப்படத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான்.

அவ்விளைவுகளில் முதுகெலும்புக்கு நேர்வது எது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக நிருவாகங்கள் மட்டுமன்றி ஆய்வு நெறியாளர்களும் இதை அறியாதிருக்கின்றனர். எலும்பு கட்டி முடித்த சுவரன்று. இடித்தும் கட்டியும் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் திசு. கட்டும் செல்களை ஸ்டெராய்டு முடக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சிறுநீர் வழியே அது வெளியேறுவதைக் கூட்டுகிறது. முள்ளெலும்பின் உட்பகுதி கடற்பஞ்சு போன்ற நுண்வலையால் ஆனது. அத்தகைய எலும்பே முதலில் மெலிகிறது. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் இழப்பு மிக விரைவாக இருக்கும். ஆகவேதான் நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு அப்பால் உட்கொள்ளும் வயதுவந்தோர் அனைவருக்கும் எலும்புமுறிவு அபாயத்தை மதிப்பிட வேண்டுமென்று அமெரிக்க வாத நோயியல் கல்லூரியின் வழிகாட்டுதல் கூறுகிறது. 2.5 மில்லிகிராம் என்பது மருந்துக்கடையில் ‘வைசோலோன் அஞ்சு’ என்று கேட்டு வாங்கும் சிறு மாத்திரையில் பாதி.

முறிவு எப்போதும் ஓசையுடன் வருவதில்லை. கீழே விழாமல், எதிலும் மோதாமல், குனிந்து புத்தகப்பையைத் தூக்கும்போது முள்ளெலும்பு தன்னுள் தானே நெரிந்துவிடும். சில முறிவுகளில் வலியே இராது; உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்திருப்பதைப் பின்னர் யாரோ கவனிப்பர். சிலவற்றில் வலி வாரக்கணக்கில் நீடித்துத் தணியும், பிறகு மீளும். இவற்றோடு, இந்திய நோயாளிக்கு மற்றோர் ஐயமும் சேர்கிறது. ஸ்டெராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால் உடலில் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். அது முதுகெலும்பைத் தாக்குவதும் உண்டு. 1779இல் பெர்சிவல் பாட் விவரித்த அந்த முதுகெலும்புக் காசநோய் மேற்குலகில் அரிதாகிவிட்டது. இங்கு இன்னும் அரிதாகவில்லை. எனவே ஒவ்வொரு புதிய முதுகுவலியும் ஒரு கேள்வி: நோய் திரும்புகிறதா, எலும்பு நொறுங்குகிறதா, தொற்றா, அல்லது ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் தட்டச்சு செய்ததால் வந்த வெறும் பிடிப்பா? விடை தெரிய ஸ்கேனுக்கு வரிசை. ஸ்கேன் எடுக்கும் நாளில் வகுப்புக்கு வராத காரணத்தைத் துறைக்கு எழுதித்தர வேண்டும்.

தண்டுவட நரம்பு நோய்களில் இதே மருந்து முதுகுக்குக் காவல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சித்திரம் முழுமையாகும். தண்டுவட அழற்சியில் உயர்ந்த அளவு ஸ்டெராய்டு உடனடியாகச் செலுத்தப்படுகிறது. தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்கள் நடக்கும் காலத்தை அது நீட்டிக்கிறது. முதுகு கோணுவதைத் தாமதப்படுத்துகிறது. லூபஸ் நோயில் சிறுநீரகத்தையும், சில நேரங்களில் உயிரையும் காக்கிறது. மாறாக, இளைஞர்களின் முதுகைப் பூட்டிவிடும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயில் நீண்டகால ஸ்டெராய்டு மாத்திரைகளைப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் ‘ஒரே ஊசியில் நிமிர்த்திவிடும்’ மருத்துவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். காக்கும் மருந்தும் அரிக்கும் மருந்தும் ஒன்றே என்பதால்தான் நோயாளியின் நிலை வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரிவதில்லை.

புரியாமைக்கு முகமும் ஒரு காரணம். நீண்டகால ஸ்டெராய்டால் கன்னங்களில் கொழுப்பும் நீரும் சேர்ந்து முகம் வட்டமாகிறது. மருத்துவ ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘நிலா முகம்’. தமிழ் மரபில் மதிமுகம் என்பது பாராட்டு. ஒரே உவமை ஒரு மொழியில் அழகின் இலக்கணம், மற்றொன்றில் நோயின் குறி. விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஆய்வு மாணவியை, ‘ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிச்சு போலிருக்கு, முகம் பூரிச்சிருக்கே’ என்று சித்தி வரவேற்பார். அன்பின் மொழிதான் அது. துறையிலோ, அதே முகத்தைச் சான்றாகக் கொண்டு, ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று முடிவு எழுதப்படும். மெலிந்தவரே நோயாளி என்னும் பண்பாட்டில் பூரித்த முகம் நோயாளிக்கு எதிரான சாட்சி.

சொல்லாக்கமும் தன் பங்குக்குத் தீங்கு செய்திருக்கிறது. தமிழ் நாளிதழ்களில் ‘ஊக்கமருந்து’ என்னும் சொல் விளையாட்டு வீரர்கள் தடைமீறி உட்கொள்ளும் பொருள்களைக் குறிக்க வந்தது. அவற்றுள் தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டெராய்டுகளும் அடக்கம். அட்ரீனல் புறணியின் இயக்குநீரை ஒத்த மருந்துகள் முற்றிலும் வேறு வகை. தசையை வளர்ப்பதற்கு மாறாக அவை தசையைக் கரைக்கும். ஆனால் ‘ஸ்டெராய்டு’ என்னும் ஒற்றைச் சொல்லின் கீழ் இரண்டும் ஒன்றாகிவிட்டன. விளைவாக, உயிர்காக்க மாத்திரை விழுங்கும் மாணவர் ஏதோ முறைகேடு செய்பவரைப்போல் அதை அறைத்தோழரிடமிருந்து மறைக்கிறார்.

கொரோனாக் காலம் இந்த அச்சத்தை இறுக்கியது. 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் கடும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு அறிவித்தது. மலிவான, எங்கும் கிடைக்கும் மருந்து. மறு ஆண்டே, இரண்டாம் அலையில், தேவையற்றவர்களுக்கும் அது தாராளமாக அளிக்கப்பட்டது. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் மிகையான ஸ்டெராய்டும் சேர்ந்த இடங்களில் கருப்புப் பூஞ்சை பரவியது. தெலங்கானா அரசு 2021 மே 20 அன்று அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. ஹைதராபாத் கோட்டியில் உள்ள அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனை அதற்கான மையமாயிற்று. கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்களின் படங்கள் குடும்பக் குழுக்களில் சுற்றின. அவற்றின் கீழ் எழுதப்பட்ட ஒற்றை வரி: ஸ்டெராய்டு விஷம், நிறுத்துங்கள்.

நிறுத்துவதுதான் பேரபாயம். வெளியிலிருந்து நீண்ட காலம் ஸ்டெராய்டு வரும்போது உடலின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறக்கிறது. திடீரென்று மாத்திரையை விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம், வாந்தி, சில நேரங்களில் மரணம். காய்ச்சலோ அறுவையோ வந்தால் அளவைக் குறைக்காமல் கூட்ட வேண்டிவரும். இங்கிலாந்தில் 2020 முதல் இத்தகைய நோயாளிகளுக்கு அவசர ஸ்டெராய்டு அட்டை ஒன்று வழங்கப்படுகிறது. மயங்கிக் கிடப்பவரின் பணப்பையில் அது இருந்தால் எந்த ஊசியை முதலில் போட வேண்டுமென்பது மருத்துவருக்குத் தெரியும். இந்தியாவில் அப்படியோர் அட்டை பரவலான வழக்கமில்லை. பரந்த நிலத்தில் அமைந்த கச்சிபௌலி வளாகத்தின் ஏதோவொரு விடுதியறையில் இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவர் மயங்கினால், ஆம்புலன்ஸை அழைக்கும் நண்பர் அறிந்திருக்க வேண்டிய ஒரே செய்தி, அவர் மறைத்துவைத்த அந்த மாத்திரையின் பெயர்.

மறைப்பதற்கு முன்னுதாரணம் பெரிய இடத்தில் உண்டு. அமெரிக்காவின் ஜான் எஃப். கென்னடிக்கு அட்ரீனல் செயலிழப்பும் முதுகெலும்புச் சிதைவும் இருந்தன. 1954 அக்டோபரில் நியூயார்க்கில் அவருக்கு முதுகு அறுவை நடந்தது. அட்ரீனல் குறைபாடுள்ள ஒருவருக்கு அத்தகைய பேரறுவை அன்று துணிகரமானது என்பதால், மறு ஆண்டு ஓர் அறுவை மருத்துவ ஆய்விதழ் அதைப் பெயர் சுட்டாமல் ‘37 வயது ஆண்’ என்று பதிவு செய்தது. 1960 தேர்தலில் எழுந்த வினாக்களுக்கு அவர் தரப்பு மறுப்பே கூறியது. அந்த 37 வயது ஆண் யாரென்பதை 1967இல் மற்றொரு மருத்துவக் கட்டுரை வெளிப்படுத்தியது. அறிவியல் கட்டுரையின் பெயரின்மைக்குள் ஒளிந்திருந்த குடியரசுத் தலைவர்! மருத்துவர்களும் ஆடும் நாற்காலியும் ஒப்பனையும் சூழ அவரால் மறைக்க முடிந்தது. மாதம் சில ஆயிரம் ரூபாய் உதவித்தொகையில் வாழும் ஆய்வாளருக்கு மறைப்பதற்கான வசதியும் இல்லை, அறிவிப்பதற்கான படிவமும் இல்லை.

இனிச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. பன்முகத் திசுத் தடிப்பு, தசைச்சிதைவு, தலசீமியா, அரிவாளணு நோய் எல்லாம் உள்ளே வந்தன. லூபஸோ, முடக்குவாதமோ, அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸோ பெயரளவில் அப்பட்டியலில் இல்லை. அவற்றின் விளைவு இயக்கக் குறைபாடாக அளக்கத்தக்க நிலையை எட்டினால் மட்டும் அந்த வாயில் வழியே நுழையலாம். அதாவது முதுகு போதுமான அளவு வளைய வேண்டும், வளைந்தபடியே நிலைக்கவும் வேண்டும். எலும்பு மேலும் நொறுங்காமல் காக்கப் போராடும் நோயாளிக்குச் சட்டம் சொல்லும் செய்தி விசித்திரமானது: சிகிச்சை தோற்ற பிறகு வரவும்.

ஆனால் அதே சட்டத்தைக் கவனமாக வாசித்தால் கதவு அவ்வளவு ஒடுங்கியதன்று. ‘மாற்றுத்திறனாளி’ என்பதற்கும் ‘அளவுகோல் குறைபாடுடையவர்’ என்பதற்கும் அது தனித்தனி வரையறை தருகிறது. முன்னது நீண்டகாலக் குறைபாடு, சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுப்பதைச் சொல்கிறது. அதில் விழுக்காடே இல்லை. 40 விழுக்காடு பின்னதற்கு மட்டும், அதாவது உயர்கல்வியில் 5 விழுக்காடு, அரசுப் பணியில் 4 விழுக்காடு போன்ற இடஒதுக்கீடுகளுக்கு. கல்வி நிறுவனங்கள் செய்துதர வேண்டிய நியாயமான தகவமைப்பை 16ஆம் பிரிவு அந்த எண்ணோடு கட்டிவைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் இதை 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நோயுள்ள அந்த விண்ணப்பதாரருக்கு, அளவுகோல் குறைபாடு இல்லையென்று கூறிக் குடிமைப் பணித் தேர்வில் பதிலி எழுத்தரை மறுத்தனர். இரண்டு வரையறைகளையும் ஒன்றாகக் குழப்புவது சட்டத்தின் நோக்கத்தையே குலைக்கும் என்றது நீதிமன்றம். 2022 ஆகஸ்டில் மைய அரசு, 40 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ளோருக்கும் எழுத்தர் வசதி தரும் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், விழுக்காட்டு எண் ஒன்றை மட்டும் வைத்து மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவரென்று ஒருவரை விலக்க முடியாது, அவரால் என்ன இயலும் என்பதை மதிப்பிட வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. நீதிமன்றம் எண்ணிலிருந்து ஆளை நோக்கி நகர்கிறது, பல்கலைக்கழகம் நகரவில்லை.

சான்று வேண்டுமெனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர்ப்பட்ட விதிமுறைகளைப் பார்க்கலாம். பட்டத்துக்கு உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவின் வழியே மேலும் இரண்டு. பெண்களுக்கும், ‘40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட’ குறைபாடு உடையவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு ஆண்டுத் தளர்வு. 2016 சட்டத்தின் சொற்கள் ‘40 விழுக்காட்டுக்குக் குறையாத’ என்பன. சரியாக 40 விழுக்காடு பெற்ற ஒருவர் சட்டத்தின்படி அளவுகோலுக்குள், விதியின் சொற்படி அதற்கு வெளியே. வரைவு எழுதியவர்கள் வேண்டுமென்று செய்ததாகத் தோன்றவில்லை. இரண்டு தொடர்களும் ஒன்றே என்று நினைத்திருப்பார்கள். ‘மேற்பட்ட’, ‘குறையாத’ என்பவற்றுக்கு இடையேயான வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் பிழையெனக் குறிக்கும் அதே கல்வியுலகம் தன் விதிப்புத்தகத்தில் அதை விட்டுவைத்திருக்கிறது.

மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் விடுப்பு விதிகளில் உண்டு, வேண்டியதே. நோய் மீளும் காலத்துக்கு அதைப்போன்ற ஒரு தொடர்கூட இல்லை. முனைவர்ப்பட்டக் கடிகாரம் மருத்துவமனைப் படுக்கையிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உதவித்தொகையின் கடிகாரம் அதைவிடக் கடுமையானது. இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்து மானியக் குழுவின் ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டுகள். பதிவை நீட்டித்தாலும் பணம் நீளாது. தேசியத் தகுதித் தேர்வு வழி வராத மைய பல்கலைக்கழக மாணவருக்கு மாதம் 8000 ரூபாய். அதற்குள் எலும்படர்த்திச் சோதனை, கால்சியம், வைட்டமின் டி, மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை. கூடுதல் இரண்டு ஆண்டு என்பது வருமானமற்ற இரண்டு ஆண்டு என்றே பொருள்படும்போது அதைச் சலுகை என்று அழைப்பது கூச்சமற்ற சொல்லாட்சி.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது முற்றிலும் பொய்யானதன்று. எண் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் முதுகுவலி என்று வரலாமே, போலிச் சான்றிதழ்கள் பெருகாதா என்பது. போலிச் சான்றிதழ்கள் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளில் வந்தவண்ணம் இருப்பது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் இடஒதுக்கீட்டையும் பணிநியமனத்தையும் குறிவைத்தவை. எண் இருந்தும் நடந்தவை. பரிசு பெரிதாக இருக்கும் இடத்தில் எண் கட்டாயம் வேண்டும் என்பதை இப்பதிவு மறுக்கவில்லை. நான்கு மாதம் கடிகாரத்தை நிறுத்திவைப்பதற்கோ, கருத்தரங்கில் நின்று பேசாமல் உட்கார்ந்து பேசுவதற்கோ யாரும் பெரும் செலவில் போலி தயாரிக்கப்போவதில்லை. நாள்தோறும் பிரட்னிசொலோன் உட்கொள்வதை மருந்துச்சீட்டும், எலும்பின் நிலையை ஸ்கேனும், நோய் மீண்டதை வெளியேற்றக் குறிப்பும் காட்டிவிடும். சிகிச்சையளிக்கும் மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கது, போதும். அதையும் துறையின் அறிவிப்புப் பலகை வரை கொண்டுசெல்லாமல் ஓர் அலுவலரிடம் நிறுத்த வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. விதிமுறை நெகிழாது என்போருக்கு மானியக் குழுவே விடையளித்திருக்கிறது: 2022 விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன, வாய்மொழித் தேர்வை இணையவழி நடத்தவும் இடமளிக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டையும் கேட்டிருந்தால் தரம் சரிந்துவிடும் என்றே பதில் வந்திருக்கும். தேவைப்படுவது விழுக்காட்டில் அளக்கப்படாத, நாள்களில் அளக்கப்படும் ஒரு விடுப்பு. 240 நாள் விடுப்புக்கு உள்ள அதே தொடரமைப்பில் நோய்க்கும் ஒரு பத்தி. அந்நாள்கள் உச்ச வரம்பிலும் உதவித்தொகைக் காலத்திலும் கழியக் கூடாது என்னும் இணைப்பு வரி. மானியக் குழு அதை எழுதும்வரை, தன்னாட்சி உள்ள பல்கலைக்கழகங்கள் தம் கல்விக்குழுவில் பாதியையாவது செய்யலாம்: வருகைப்பதிவு, பாடநெறித் தேர்வின் நேரம், ஆண்டு முன்னேற்ற அறிக்கையின் நாள், நூலகத்தில் நிமிர்த்தியும் தாழ்த்தியும் வைக்கத்தக்க இரண்டு மேசைகள், மூன்றாம் மாடியில் இருக்கும் ஆய்வறையைத் தரைத்தளத்துக்கு மாற்றுதல்.

நெறியாளர்கள் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிரட்னிசொலோன் பொதுவாகக் காலை உணவுடன் உட்கொள்ளப்படுவது. இரவில் எடுத்தால் தூக்கம் போகும். அழற்சி வாத நோயுள்ளவர்களின் உடல் காலையில்தான் மிகவும் இறுகியிருக்கும்; மாத்திரை வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்கு வைக்கும் சந்திப்பைப் பதினொன்றரைக்கு மாற்ற எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படாது.